டயட் சார்ட்டுக்கு அடியில் பவுடர் கம்பெனி லோகோ: அரசு சொல்லும் ஆலோசனையும் இப்படித்தானா?

டோல்கேட் தம்பி:

அம்மாவுக்கு 61 வயது, சர்க்கரை வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. போன மாதம் எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு தனியார் கிளினிக்கில் இலவச முகாம் என்று போர்டு வைத்திருந்தார்கள், கூட்டிக்கொண்டு போனேன். விரலில் குத்தி ரத்தம் பார்த்தார்கள், டாக்டர் இரண்டு நிமிடம் பேசினார், வெளியே வரும்போது ஒரு பெண் லேமினேஷன் போட்ட டயட் சார்ட்டைக் கையில் கொடுத்து இதை அப்படியே ஃபாலோ பண்ணுங்கம்மா என்றார்.

காலையில் ஓட்ஸ். பதினோரு மணிக்கு சர்க்கரைக்காரர்களுக்கான பிஸ்கட் இரண்டு. மதியம் ஒரு கப் சாதம். சாயங்காலம் மறுபடியும் அதே பிஸ்கட். ராத்திரி சப்பாத்தி, படுக்கும் முன்னால் பாலில் ஒரு ஸ்கூப் புரோட்டீன் பவுடர். கீழே வலது மூலையில் அந்தப் பவுடர் கம்பெனியின் லோகோ, டாக்டர் பெயரைவிடக் கொஞ்சம் பெரிதாக.

எங்கள் வீட்டிலிருந்து காசிமேடு நடந்து போகிற தூரம். அம்மா வாரத்தில் நான்கு நாள் மீன் குழம்பு வைப்பவர். சார்ட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, மீனே இல்லியே, சாப்பிடக் கூடாதா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. மீன் மட்டுமில்லை, முட்டையும் இல்லை, சுண்டலும் இல்லை. பவுடர், பிஸ்கட், ஓட்ஸ் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் மாதம் 2,400 ரூபாய் வருகிறது. நான் வாங்குகிற சம்பளத்துக்கு அது சின்னத் தொகை இல்லை.

கிளினிக் கதையை விடுங்கள், அது தெரிந்ததுதான். என் கேள்வி வேறு. அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம் மாதிரி இடங்களிலிருந்து வருகிற "இதைச் சாப்பிடு, இதைக் குறை" ஆலோசனை இருக்கிறதே, அதற்குப் பின்னாலும் இதே மாதிரி லோகோ கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறதா? இல்லை, நான்தான் வாட்ஸ்அப் பார்த்துப் பார்த்துக் கெட்டுப்போய்விட்டேனா?

பழைய ரெப்:

தம்பி, பெரம்பூர், வியாசர்பாடி, கொடுங்கையூர் மூன்றும் என் ஏரியா, மெடிக்கல் ரெப்பாகப் பதினாறு வருஷம் பை தூக்கினேன். சார்ட் அச்சடிக்கிற செலவு, சுகர் ஸ்ட்ரிப், முகாமுக்குப் பந்தல், வருகிறவர்களுக்கு டீ, எல்லாம் கம்பெனிக் கணக்கு. டாக்டர் கெட்டவர் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரு நாளைக்கு எண்பது பேர் பார்க்கிறவருக்கு உட்கார்ந்து மீன், கீரை, சுண்டல் என்று எழுத ஏது நேரம், நாங்கள் எழுதியே கொண்டுபோய்க் கொடுப்போம். அதில் பொய் ஒரு வரிகூட இருக்காது, அது எங்களுக்குக் கண்டிப்பான உத்தரவு. ஆனால் நாங்கள் விற்காத பொருளுக்கு அதில் இடமும் இருக்காது. உங்கள் அம்மா கண்டுபிடித்தது அதைத்தான். என்னைவிடக் கெட்டிக்காரர்.

கிளினிக் அளவில் மட்டும் நடக்கிற விஷயம் என்று நினைக்காதீர்கள். 2008-ல் இந்திய மருத்துவ சங்கமே பெப்சிகோவோடு ஒப்பந்தம் போட்டு டிராபிகானா ஜூஸுக்கும் குவேக்கர் ஓட்ஸுக்கும் தன் பெயரைப் போட்டுக்கொள்ள அனுமதித்தது. தொகை 2 கோடியே 25 லட்சம் ரூபாய். பிறகு மருத்துவ கவுன்சில் இது நெறிமுறை மீறல் என்று சொல்லிவிட்டது. அந்த நாளில் ரெப்களுக்குள் இதுதான் பேச்சு. உங்கள் சார்ட்டில் காலையில் ஓட்ஸ் வந்து உட்கார்ந்திருப்பதற்குப் பின்னால் எவ்வளவு பேர் வேலை பார்த்திருக்கிறார்கள் பாருங்கள்.

ஏழுகிணறு வாசகன்:

உங்கள் கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில்: ஆம். ஆனால் அது நடக்கிற விதம் நீங்கள் நினைக்கிற மாதிரி இருக்காது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எல்லாரும் சொல்கிற கதை. 1967-ல் அமெரிக்காவின் பெரிய மருத்துவ இதழ் ஒன்றில், நியூ இங்கிலாந்து ஜர்னல் என்பார்கள், ஹார்வர்டு ஆட்கள் மூன்று பேர் இரண்டு பாகமாக ஒரு கட்டுரை எழுதினார்கள். இதய நோய்க்குக் காரணம் கொழுப்புதான், சர்க்கரையைப் பற்றிக் கவலைப்படப் பெரிதாக ஒன்றுமில்லை என்பது சாரம். சர்க்கரை ஆலைகளின் ஆராய்ச்சி அமைப்பு அதற்கு 6,500 டாலர் கொடுத்திருந்தது. வெளியாவதற்கு முன்பே அந்த அமைப்பின் ஆள் வரைவைப் படித்துவிட்டு, நாங்கள் மனதில் வைத்திருந்தது இதைத்தான் என்று கடிதம் எழுதினார். காசு வாங்கியதைக் கட்டுரையில் சொல்லவில்லை, அப்போது அந்த இதழில் சொல்ல வேண்டும் என்ற விதியும் இல்லை. கலிஃபோர்னியா ஆராய்ச்சியாளர்கள் பழைய கடிதங்களைத் தோண்டி எடுத்து 2016-ல் எழுதிய பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. கிட்டத்தட்ட ஐம்பது வருஷம்! எழுதிய மூவரில் ஒருவரான ஹெக்ஸ்டெட் பிற்பாடு அமெரிக்க விவசாயத் துறையில் சத்துணவுப் பிரிவுக்கே தலைவரானார்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது 1977. செனட்டர் மெக்கவர்ன் தலைமையிலான குழு, அமெரிக்கர்கள் என்ன சாப்பிட வேண்டும் என்று ஓர் அறிக்கை கொண்டுவந்தது. முதல் பதிப்பில் இறைச்சியைக் குறையுங்கள் என்று நேராக இருந்தது. மாட்டுப் பண்ணைக்காரர்கள் கொதித்துப் போனார்கள் (மெக்கவர்னின் சொந்த மாநிலமே மாடு வளர்க்கிற ஊர்தான்). அதே வருஷம் டிசம்பரில் இரண்டாம் பதிப்பு வந்தபோது அந்த வரி மாறியிருந்தது: நிறைவுற்ற கொழுப்பைக் (கறி, நெய் மாதிரிப் பொருளில் அதிகம் இருப்பது) குறைக்கும் விதமான இறைச்சி, கோழி, மீனைத் தேர்ந்தெடுங்கள் என்று. படித்துப் பாருங்கள், "குறை" என்ற சொல் இன்னும் இருக்கிறது, ஆனால் குறைக்க வேண்டியது கறி இல்லை, ஏதோ ஒரு கொழுப்பு. கறியைப் பொறுத்தவரை "தேர்ந்தெடு", அதாவது வாங்கு.

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மேரியன் நெஸ்லே என்று ஒரு பேராசிரியர் இருந்தார் (அந்தக் கம்பெனிக்கும் அவருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை, பெயர்ப் பொருத்தம் மட்டும்). 1980-களில் அமெரிக்க அரசின் சத்துணவு அறிக்கையைத் தொகுக்கப் போனவர். வேலையில் சேர்ந்த முதல் நாளே, ஆராய்ச்சி என்ன சொன்னாலும் சரி, கறியைக் குறைத்துச் சாப்பிடு என்று மட்டும் அறிக்கையில் வராது என்று அவரிடம் சொல்லிவிட்டார்கள். அவர் வருஷக்கணக்காகச் சுட்டிக்காட்டியது இதுதான்: சாப்பிடச் சொல்லும்போது உணவின் பெயர் வரும், பழம், காய், பால், தானியம். குறைக்கச் சொல்லும்போது உணவின் பெயர் மறைந்துபோய் சத்தின் பெயர் வரும், சோடியம் (உப்பில் இருப்பது), நிறைவுற்ற கொழுப்பு, சேர்க்கப்பட்ட சர்க்கரை. சோடியம் விற்கிறவன் என்று யாரும் கடை வைத்திருக்கவில்லை, அதனால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எந்த அரசுக் கையேட்டையும் என்னால் பழைய கண்ணோடு படிக்க முடியவில்லை.

சில நேரம் மிரட்டலே நேராக வரும். 2003-ல் உலக சுகாதார நிறுவனம், சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று அறிக்கை தயாரித்தது. அமெரிக்க சர்க்கரைச் சங்கம் அதன் தலைவருக்கே கடிதம் எழுதியது, இதை வெளியிட்டால் அமெரிக்கா உங்களுக்குக் கொடுக்கும் 406 மில்லியன் டாலரை நிறுத்தச் சொல்வோம் என்று. அறிக்கை வெளியானது, பயப்படவில்லை. ஆனால் அடுத்த வருஷம் உறுப்பு நாடுகள் எல்லாம் சேர்ந்து ஏற்றுக்கொண்ட செயல்திட்டத்தில் சர்க்கரையைக் குறையுங்கள் என்று இருந்ததே தவிர, அந்த 10 என்ற எண்ணைக் காணோம். வழிகாட்டுதலாக அந்த எண் திரும்பி வர 2015 ஆனது.

அதே 2015-ல்தான் கோகோ கோலா விவகாரமும் வெளியே வந்தது. உடம்பு பெருப்பதற்குச் சாப்பாட்டைவிட உடற்பயிற்சி போதாததுதான் முக்கியக் காரணம் என்று சொல்லித் திரிந்த ஒரு விஞ்ஞானிகள் குழுவுக்கு அவர்கள் 15 லட்சம் டாலர் கொடுத்திருந்தார்கள். செய்தி வந்து சில மாதத்தில் அந்தக் குழு கலைந்துபோனது. ஆனால் "ஓடி எரித்துவிடலாம்" என்ற நினைப்பு மட்டும் கலையவில்லை, மெரினாவில் காலையில் நடந்துவிட்டு வந்து கூல்டிரிங்க் குடிக்கிறவர்களை நானே பார்க்கிறேன்.

கொருக்குப்பேட்டை எஞ்சின்:

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த மாதிரிக் கதையெல்லாம் கடைசியில் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். என் மாமா "கொழுப்பெல்லாம் கம்பெனிக்காரன் கட்டிவிட்ட பொய்" என்று ஒரு வீடியோ பார்த்துவிட்டு, கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவிட்டுத் தினமும் நெய் குடித்தார். எட்டு மாதத்தில் ஸ்டென்ட். அந்த வீடியோ போட்டவன் செக்கு எண்ணெயும் நாட்டுச் சர்க்கரையும் ஆன்லைனில் விற்கிறான், அது மட்டும் கம்பெனி இல்லையா? டாக்டர், அரசு இரண்டையும் நம்பாதே என்றால் ஜனங்கள் வேறு யாரிடம் போவார்கள்?

ஏழுகிணறு வாசகன்:

நியாயம். சர்க்கரைக்காரர்கள் பழியைக் கொழுப்பின் மேல் தள்ளினார்கள் என்பதால் கொழுப்பு நிரபராதி ஆகிவிடாது, அதை மேலேயே எழுதியிருக்க வேண்டும். மாமா எப்படி இருக்கிறார் இப்போது?

கொருக்குப்பேட்டை எஞ்சின்:

நடக்கிறார். நெய் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

வார்டு நம்பர் 4:

நான் வடசென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் டயட்டீஷியன், எது என்று சொல்லப்போவதில்லை. தம்பியின் கேள்விக்கு வருகிறேன்.

நம் ஊர் அரசு ஆலோசனை எப்படி இருக்கிறது என்று முதலில் படித்துப் பார்க்க வேண்டும். ஐ.சி.எம்.ஆர். என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் ஹைதராபாதில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டியை வெளியிட்டது, மொத்தம் 17 அறிவுரை. அதில் உடம்பு ஏற்றப் புரோட்டீன் பவுடர் வேண்டாம் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். சர்க்கரை ஒரு நாளைக்கு 20 முதல் 25 கிராம், உப்பு 5 கிராமுக்கு மேல் வேண்டாம், பாக்கெட் மேலே இருக்கிற வாசகத்தை நம்பாதே, "ரியல் ஃப்ரூட்" என்று போட்டிருந்தாலும் உள்ளே 10 சதவீதம் பழம்தான் இருக்கலாம் என்பது வரைக்கும் இருக்கிறது. எந்தக் கம்பெனியும் இதைக் காசு கொடுத்து எழுத வைத்திருக்காது. ஆக அம்மாவுக்குக் கிளினிக்கில் கொடுத்த சார்ட்டும் அரசுப் புத்தகமும் ஒன்று இல்லை.

ஆனால் புத்தகத்தில் எழுதுவது சுலபம், பாக்கெட்டில் எழுத வைப்பதுதான் கஷ்டம். அங்கேதான் இழுபறி. சிலி நாட்டில் 2016-லிருந்து சர்க்கரை, உப்பு, கொழுப்பு அதிகமுள்ள பாக்கெட்டின் முன்பக்கம் கறுப்பு எண்கோணத்தில் "சர்க்கரை அதிகம்" என்று எச்சரிக்கை போட வேண்டும். குழந்தைகூடப் பார்த்துப் புரிந்துகொள்ளும். நம் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2022-ல் வைத்த வரைவில் இருந்தது எச்சரிக்கை இல்லை, அரை நட்சத்திரத்திலிருந்து ஐந்து நட்சத்திரம் வரை மதிப்பெண். ஓட்டலுக்குப் போடுகிற மாதிரி. இதில் என்ன வித்தியாசம் என்றால், சர்க்கரை கொட்டியிருக்கிற ஒரு பொருளில் கொஞ்சம் நார்ச்சத்தும் பருப்புத் தூளும் சேர்த்தால் மதிப்பெண் ஏறிவிடும், குறை மறைந்துபோகும். மருத்துவர்கள், நுகர்வோர் அமைப்புகள் நிறையப் பேர் எதிர்த்தார்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நிபுணர் குழுவை மூன்று மாதத்துக்குள் பரிந்துரையை முடிக்கச் சொல்லும் நிலைமைக்குப் போனது விவகாரம்.

அதுவரைக்கும் நீங்களே செய்துகொள்ள ஒன்று உண்டு. பாக்கெட்டின் பின்பக்கத்தில் சேர்மானப் பட்டியல் இருக்கும், எடை அதிகமானது முதலில் வர வேண்டும் என்பது சட்டம். அந்த "சர்க்கரைக்காரர் பிஸ்கட்"டை எடுத்துப் பாருங்கள். முதல் சொல் பெரும்பாலும் மைதா அல்லது கோதுமை மாவு, அடுத்து பாமாயில். மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்திலிருந்து எடுக்கிற தூள்) என்று இருந்தால் அதுவும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும், ஆனால் சட்டப்படி சர்க்கரை என்ற பெயரில் வராது.

இன்னொன்று, நாட்டுப் பொருள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுகிறவர்களையும் தினமும் பார்க்கிறேன். கேழ்வரகுக் கூழை ஒரு சொம்பு குடித்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். கருப்பட்டியும் சர்க்கரைதான். அளவு முக்கியம்.

அம்மா மீன் சாப்பிடலாம். கண்டிப்பாகச் சாப்பிடலாம், வறுவலாக இல்லாமல் குழம்பாக, சாதத்தை மட்டும் குறைத்து. சிறுநீரகத்தில் பிரச்சனை இருந்தால் அளவு மாறும், அதனால் ரத்தப் பரிசோதனைக் காகிதங்களோடு ஒரு தடவை அரசு மருத்துவமனை நீரிழிவுப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். டயட்டீஷியன் இருப்பார், அங்கே யாரும் பவுடர் விற்கமாட்டார்கள்.

சத்துணவு அக்கா:

நான் திருவொற்றியூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். நீங்கள் அமெரிக்கக் கதையெல்லாம் சொல்கிறீர்கள், நம் பிள்ளைகள் தட்டில் கை வைக்கப் பார்த்த கதை ஒன்று இருக்கிறது, அது யாருக்கும் ஞாபகமில்லை.

2007 கடைசியில் பிஸ்கட் தயாரிப்பாளர் சங்கம் எம்.பி.க்களுக்குக் கடிதம் எழுதியது, பள்ளிக்கூடங்களில் சமைத்த சாப்பாட்டுக்குப் பதிலாகப் பாக்கெட் பிஸ்கட் கொடுக்கலாமே என்று. எம்.பி.க்கள் பலர், கட்சி வித்தியாசமில்லாமல், அதை அப்படியே அர்ஜுன் சிங்குக்கு எழுதினார்கள், அவர்தான் அப்போது கல்வி மந்திரி. சுத்தமாக இருக்குமாம், சமைக்கிற தொல்லை இல்லையாம், சத்து எல்லாம் சேர்த்திருக்குமாம். நல்லவேளை, மாநிலங்களும் சத்துணவு நிபுணர்களும் முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

எங்களுக்கு அப்போது யூனியனில் இதைப் பற்றிச் சொன்னபோது சிரித்தோம். அப்புறம் சிரிப்பு வரவில்லை. திங்கட்கிழமை காலையில் வருகிற பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? சனி ஞாயிறு சரியாகச் சாப்பிட்டிருக்காது. மணி பன்னிரண்டு ஆனால் சமையல் கூடத்து வாசலில் எட்டிப் பார்த்து "ஆயா, இன்னிக்கி முட்டையா?" என்று கேட்கும். அந்தப் பிள்ளை கையில் பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்து அனுப்பவா எம்.ஜி.ஆர். 1982-ல் திட்டம் கொண்டுவந்தார், கலைஞர் முட்டை போட்டார்?

எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, மனதில் பட்டதைச் சொல்கிறேன். முட்டைக்கும் கோழிப்பண்ணைக்காரர்கள் இருக்கிறார்களே, நாமக்கல்லில், அவர்களுக்கும் இதில் லாபம்தானே? லாபம்தான். ஆனால் முட்டையை உரித்துப் பார்த்தால் உள்ளே முட்டைதான் இருக்கிறது.

மளிகை மணி:

அக்கா கடைசி வரிக்கு ஒரு கும்பிடு.

நான் வண்ணாரப்பேட்டையில் கடை வைத்திருக்கிறேன். கண் மட்டத்தில் இருக்கிற அலமாரிக்குக் கம்பெனிக்காரர்கள் மாதாமாதம் டிஸ்பிளே காசு கொடுப்பார்கள். அங்கே பருப்பு, சுண்டல் வைத்தால் எனக்கு யார் கொடுப்பார்கள்? அதனால் கொண்டைக்கடலை மூட்டை எப்போதும் கீழேதான், குனிந்து எடுக்கிறவர்களுக்கு மட்டும்.

2023-ல் ஒருவர் போர்ன்விட்டாவில் எவ்வளவு சர்க்கரை என்று வீடியோ போட்டார், கம்பெனி வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது, அவர் வீடியோவை எடுத்துவிட்டார், ஆனால் ஊரே பார்த்துவிட்டது. அடுத்த வருஷம் ஏப்ரலில் மத்திய அரசு ஆன்லைன் கடைகளுக்கு, இந்த மாதிரி பானங்களை "ஹெல்த் டிரிங்க்" என்ற பிரிவில் வைக்காதீர்கள், அப்படி ஒரு வகையே சட்டத்தில் இல்லை என்று சொன்னது. ஹார்லிக்ஸ் கம்பெனி தன் பிரிவின் பெயரையே மாற்றிக்கொண்டது. சரி, என் கடையில் என்ன மாறியது? ஒன்றுமில்லை. இன்றைக்கும் "அண்ணே, பையனுக்கு ஹெல்த் டிரிங்க் ஒண்ணு குடுங்க" என்றுதான் கேட்கிறார்கள். முப்பது நாற்பது வருஷம் டி.வி.யில் சொல்லிச் சொல்லி ஊறிப்போன பெயர், ஒரு சுற்றறிக்கையில் போய்விடுமா? நானும் கொடுக்கிறேன். கொடுக்காவிட்டால் பக்கத்துக் கடையில் வாங்குவார்கள்.

டோல்கேட் தம்பி:

எல்லாருக்கும் நன்றி. வார்டு நம்பர் 4 சொன்னதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி அந்த பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். எழுத்து அவ்வளவு பொடி, போனில் டார்ச் அடித்துப் போட்டோ எடுத்துப் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது. முதல் சொல் மைதா. இரண்டாவது பாமாயில். அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "மைதாவத் துண்றதுக்கா மாசம் ரெண்டாயிரத்து நானூறு?" என்றார்.

பிஸ்கட்டை இனிமேல் வாங்குவதில்லை. பவுடர் டப்பா பாதி இருக்கிறது, அரசு மருத்துவமனையில் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று ஓரமாக வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை லீவு போட்டுக் கூட்டிப் போகிறேன். லேமினேஷன் சார்ட்டை அம்மா மீன் கழுவுகிற இடத்தில் செதில் தெறிக்காமல் இருக்கச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டார், தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகவில்லை.

காசிமேட்டுப் பக்கம் யாராவது இருந்தால் ஒன்று சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை போனால் கவலை மீனே வஞ்சிரம் விலை சொல்கிறார்கள். எந்த நாள் போவது?

பைபர் போட்:

ஞாயிறு வராதே தம்பி, அன்றைக்கு ஊரே அங்கேதான் இருக்கும். செவ்வாய் அல்லது புதன், விடிவதற்குள் வந்துவிடு, ஏலம் முடிந்து பெண்கள் கூறு கட்டி உட்கார்கிற நேரம். கவலை, காரப்பொடி, நெத்திலி மூன்றும் சல்லிசாகக் கிடைக்கும். தடைக்காலத்தில் மட்டும், ஏப்ரல் 15-லிருந்து 61 நாள், பெரிய விசைப்படகு போகாது, எங்கள் பைபர் போட் மீன்தான், விலை கொஞ்சம் ஏறும். அம்மாவைக் கூட்டி வா, செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்க அவர்களுக்குத்தான் தெரியும்.